மலைக்குடிகளுக்குத் தடுப்பூசி கொண்டுபோக ஐஸ் நிறைய வைத்தால் போதுமா?

கேள்வி கேரள மலைப்பகுதியான மூணாறு, வட்டவடை பக்கத்துப் பழங்குடிக் குடிகளையும் எஸ்டேட் லயங்களையும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பற்றியது. பதில்: போதாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற அந்த ஊர்களில் வெயிலைவிட ஐஸ்தான் அதிக மருந்தைக் கெடுக்கும்.

தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். சூடுபட்டால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதுதான் மறந்துபோகிறது. ஹெபடைட்டிஸ் பி மருந்து மைனஸ் 0.5 டிகிரி வாக்கிலேயே உறையும். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி), பி.சி.வி. (நியூமோகாக்கல் நிமோனியா), ஐ.பி.வி. (போலியோ ஊசி) எதுவுமே உறையக் கூடாது. போலியோ சொட்டு மருந்து, எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), பி.சி.ஜி. (காசநோய்) மூன்றும் நேர்மாறு, அவற்றுக்குச் சூடுதான் ஆகாது. எல்லாம் ஒரே பெட்டியில் போவதால், உறைந்தால் கெடும் மருந்தை மனதில் வைத்தே பெட்டியைக் கட்ட வேண்டும்.

நம் நர்ஸ்கள் தோளில் மாட்டிப் போகும் கேரியர் 1.7 லிட்டர், 16 முதல் 20 குப்பி வரை கொள்ளும். அதற்கு 0.4 லிட்டர் ஐஸ் பேக் நான்கு. பேக்கில் குறியிட்ட கோடு வரை வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு போட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உருகிக்கொண்டிருக்கும், மருந்து உறைந்துவிடும்.

டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக் மைனஸ் 20 டிகிரி வாக்கில் இருக்கும். அதை அப்படியே கேரியரில் வைப்பதுதான் மிகப் பெரிய தப்பு. மேஜையில் இடைவெளி விட்டுப் பரப்பி வையுங்கள். மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்வரை பேக் 0 டிகிரியில் நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. கடிகாரத்தை நம்ப வேண்டாம். 20 டிகிரி அறையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மூணாறு மார்கழிக் காலையில் இன்னும் இழுக்கும். ஜீப் டிரைவர் ஹார்ன் அடிக்கிறார் என்பதற்காக இந்த வேலையைப் பாதியில் விடக் கூடாது.

நான்கு பக்கச் சுவரிலும் பேக், நடுவில் ஜிப் பைக்குள் குப்பிகள், மேலே ஸ்பாஞ்ச், பிறகு மூடி. குப்பி நேராக பேக்கைத் தொடக் கூடாது. எம்.ஆர்., பி.சி.ஜி. தூளைக் கலக்கும் திரவமான டைலுயன்ட்டையும் முந்தைய நாளே ஐ.எல்.ஆரில் (தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி) குளிர வைத்து உடன் எடுங்கள். கலந்த பிறகு 4 மணி நேரம்தான், மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

மூடி திறக்காமல் இருந்தால் கேரியர் சுமார் 12 மணி நேரம் தாங்கும். பெட்டிமுடியைத் தாண்டி இடமலக்குடி மாதிரி காட்டுக்குள் இருக்கும் பழங்குடிக் குடிகளுக்குப் போய்த் திரும்பும்போது இந்தக் கணக்கு சுலபமாக உடையும். அதனால் இன்னொரு கேரியரில் பேக் மட்டும் நிரப்பிக் கொண்டுபோவது நல்லது. மாற்றும்போது அவற்றிலும் சலசலப்பு கேட்கிறதா என்று மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும்.

குப்பியில் ஒட்டியிருக்கும், நிறம் மாறும் அடையாளமான வி.வி.எம். சூட்டை மட்டும்தான் காட்டும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் சரி; அதே நிறமோ கருமையோ ஆனால் குப்பை. உறைந்ததை அது சொல்லவே சொல்லாது. பென்டாவேலன்ட் போன்றவற்றில் சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்குங்கள். சந்தேகக் குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி அரை மணி நேரம் நிற்க வைத்தால், கெட்டது வண்டலாக அடியில் படியும். இரண்டும் ஒரே வேகத்தில் படிந்தால் சந்தேகக் குப்பியும் போச்சு. ஐ.பி.வி.க்கு இந்தச் சோதனை செல்லாது. உறைந்த சந்தேகம் வந்தாலே ஒதுக்கிவிடுங்கள்.