சொர்க்கப் பறவையை மிருகக்காட்சிசாலையில் வளர்த்துக் குஞ்சு எடுக்க முடியுமா?

முடியும்ங்க, ஆனால் கோழி வளர்க்கிற மாதிரி இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கிற நியூகினித் தீவுப் பக்கத்துப் பறவை என்றாலும் நம் நாட்டிலேயே 1940இல் குஜராத்தின் பாவ்நகர் அரச குடும்பத்துத் தர்மகுமார்சிங்ஜி கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்.

பெரிய தலைவலி ஆண் பறவைதான். நம் காட்டில் தோகை விரிக்கும் மயிலைப் போலத்தான் அதுவும், ஆடி முடித்ததும் அதன் வேலை முடிந்தது, கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை ஊட்டுவது எல்லாம் பெட்டை ஒருத்திதான், பல இனங்களில் அப்படி. ஒரே கூண்டில் விட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெட்டையைப் பாடாய்ப்படுத்திவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, பெட்டை தயாரானதும் நடுக்கதவைத் திறப்பார்கள், இணைசேர்ந்ததும் பிரித்துவிடுவார்கள். முட்டை ஒன்றிரண்டுதான்.

அப்புறம் தீனி. இவற்றின் ஈரலில் இரும்புச்சத்து தேங்கிச் செத்துப்போகும், மைனாவுக்கும் இதே சீக்கு உண்டு. ஆகவே இரும்பு குறைந்த தீனி, பப்பாளி மாதிரிப் பழங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வேண்டாம், வைட்டமின் சி இரும்பை இன்னும் இழுத்துக்கொள்ளும். குஞ்சுக்குப் பூச்சி கட்டாயம்.

தோப்பில் வளர்க்கலாமா என்று கேட்டீர்கள். அழிவு அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பறவைங்க, ஆசையை விட்டுவிடுங்கள்.