கித்துல்கலவில் மிதவைப் படகுப் பயணம்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வெள்ளவத்தை): அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் யூலை மாத வார இறுதியொன்றில் கித்துல்கலவுக்கு றாஃப்டிங் செல்ல எண்ணியிருக்கிறோம். அது ஏற்ற காலமா?

பதில்: செல்லலாம். ஆனால் மாதத்தைக் காட்டிலும் அன்றைய நீர்மட்டத்தையே முதலில் கவனியுங்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகப் பாயும் மலைப்பகுதியில் கித்துல்கல அமைந்துள்ளது. நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாட்களில், காலையில் தெளிந்து ஓடிய ஆறு மதியத்துக்குள் செந்நிறமாகிக் கரைப் பாறைகளை மூடிவிடக்கூடும். மழை இல்லாத நாளிலும் நீர் ஏறி இறங்கும். மேலேயுள்ள காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர் லக்ஷபான மின்நிலையத் தொகுதியைக் கடந்தே, மின்னுற்பத்திக்கு விடப்படும் அளவுக்கேற்பக் கீழே வருகிறது. அதற்கும் கீழே 35 மெகாவாற் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் நீரைச் சுரங்கம் வழியாகத் திருப்புகிறது. ஆகவே, அன்று எத்தனை மணிக்குப் போதிய நீர் இருக்கும் என்பதை முதல்நாள் மாலையில் படகு நடத்துவோரிடம் கேட்டு, அதற்கேற்பப் புறப்படுங்கள். தூரம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர்தான் என்றாலும், அவிசாவளை வழியாக மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். முற்பணம் கட்டுமுன், வெள்ளத்தால் பயணம் நின்றால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த உறுதி இல்லாதபோதுதான், பணம் போய்விடுமே என்று பெருகிய ஆற்றில் இறங்க மனம் துணிகிறது.

கேள்வி (தெஹிவளை): எனக்கும் என் மகளுக்கும் நீந்தத் தெரியாது. நாங்கள் வரலாமா?

பதில்: ஆறு வழமையான மட்டத்தில் இருந்தால் வரலாம், அக்கா. எளிதிலிருந்து கடினம்வரை ஆறு படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில், பாறைகளுக்கிடையே நீர் நுரைத்துப் பாயும் இங்குள்ள சுழிப்புகள் பொதுவாக இரண்டாம், மூன்றாம் படியைச் சேர்ந்தவை. நீச்சல் தெரியாததை மறைக்காமல் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களைத் தமக்கு அருகில் அமர்த்திக்கொள்வார்.

உயிர்காப்பு அங்கியின் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எல்லாப் பட்டிகளையும் இறுக்கிய பின், தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து ஒருவரை மேல்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை எழும்பினால் அது உங்களுக்குரியதல்ல. தயங்காமல் வேறொன்று கேளுங்கள். பிள்ளைக்குப் பெரியவர்களின் அங்கியைக் கட்டி அனுப்பச் சம்மதிக்க வேண்டாம்.

படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் செல்லும் திசைக்கு நீட்டி, பாதங்களை மேலே வைத்திருக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வதே பெரிய ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் முகம் குப்புற அமிழ்த்திவிடும். முழங்கால் அளவு நீரிலும் அது நேரலாம். கயிறு எறியப்பட்டால் கயிற்றையே பற்றுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். வழிகாட்டி இவற்றையெல்லாம் கரையிலேயே செய்து காட்ட வேண்டும். அவசர அவசரமாக முடித்துவிட்டுப் படகில் ஏறச் சொல்லும் இடத்தில், பணம் கட்டியிருந்தாலும் ஏறாதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): தாலிக்கொடி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை என்ன செய்வது?

பதில்: கண்ணாடியைத் தலையைச் சுற்றிய பட்டியால் கட்டுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், அதை உடலோடு ஒட்டிய சட்டைக்குள் இட்டு, அதன்மேல் அங்கியை அணியலாம். மோதிரங்களை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

கேள்வி (பம்பலப்பிட்டி): அதே நாளில் மலையிடுக்கு ஓடையில் இறங்கிப் பாறைகளிலிருந்து குதிக்கும் கன்யோனிங்கையும் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆயினும் அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் பிற்பகல் மழை வழமையானது. குறுகிய ஓடையில் நீர் திடீரென உயர்ந்தால் ஒதுங்கக் கரையே இருக்காது. சென்ற ஆண்டு குதித்த குளம்தானே என்றும் நம்ப வேண்டாம். வெள்ளம் கல்லையும் மரத்தையும் உருட்டி வந்து அடியில் போட்டிருக்கும். வழிகாட்டி அன்று இறங்கி ஆழம் பார்த்த பிறகே குதியுங்கள்.

கேள்வி (தெமட்டகொட): எலிக்காய்ச்சல் வருமென்று அம்மா அஞ்சுகிறார்.

பதில்: அம்மாவின் அச்சம் நியாயமானது. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள காயங்கள் வழியாகக் கிருமியை உட்செலுத்தும். ஆறாத புண் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். திரும்பிய பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஏற்பட்டால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். டெங்கு என்று மட்டும் எண்ணி நாட்களைக் கடத்திவிடக் கூடாது.

கேள்வி (வத்தளை): பஸ்ஸில் போகும்போதே சிலர் குடிப்பார்கள். அது பெரிய குறையா?

பதில்: ஆம். ஒரு படகில் எல்லோரும் ஒரே கணத்தில் துடுப்பு வலித்தால்தான் அது பாறையை விலகிச் செல்லும். குடித்தவர்களை ஏற்ற வழிகாட்டி மறுத்தால், அவர் பக்கமே நில்லுங்கள். குழுவை ஒழுங்குசெய்பவர் நீங்களானால், குடிப்பவர்கள் கரையில் இருக்க வேண்டுமென்பதை பஸ் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள்.