வண்டி ஆஃப் ஆனால் ஃபெயிலா?

கேள்வி: கார் ஓட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். முதல் முறை சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. இரண்டாவது முறை அப்படி எதுவும் இல்லை, ஒரு உரசல்கூட இல்லை. அப்படியும் ஃபெயில்! பக்கத்தில் உட்கார்ந்து தேர்வாளர் அப்படி என்னதான் குறிக்கிறார்?

பதில்: ஓட்டக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், உங்கள் கைகாலைவிடக் கழுத்தைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார்.

முதலில் சிக்னல் விஷயம். வண்டி ஆஃப் ஆவது கொலைக்குற்றம் இல்லை. அப்புறம் என்ன செய்தீர்கள்? பின்னால் ஹாரன் கேட்டதும் பதறி, கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பி, வண்டி முன்னால் துள்ளியதா? பேனா அங்கேதான் ஓடும். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, ஸ்டார்ட் செய்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தால் சின்னப் பிழையோடு போயிருக்கும். பிரிட்டனில் சிறு பிழைகள் 15 வரை இருந்தாலும் தேறலாம். கடும் பிழையோ ஆபத்தான பிழையோ ஒன்றே ஒன்று விழுந்தாலும் போச்சு. அதே சிறு பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதுவும் கடும் பிழை ஆகலாம்.

இரண்டாவது தோல்விக்குக் காரணம் பின்பார்வைக் கண்ணாடியாக இருக்கும் என்பது என் சந்தேகம். என்னிடம் பழகிய ஒரு பெண் வெண்ணெய் மாதிரி ஓட்டுவார், தேறவில்லை. கவனித்தேன். இண்டிகேட்டர் போடுவார், ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பிப்பார், அதற்குப் பிறகுதான் கண் கண்ணாடிக்குப் போகும். பின்னால் பைக் வந்திருந்தால்? வரவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம், திறமை இல்லையே. கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, அப்புறம்தான் ஸ்டியரிங். கண்ணாடியில் விழாத மூலை ஒன்று எல்லா வண்டியிலும் உண்டு.

பயந்து பயந்து ஓட்டினாலும் குறிப்பார்கள். சந்திப்பு காலியாக இருக்கும்போது அரை நிமிடம் நின்றால், சாலையைப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தேர்வாளர் சொன்ன திருப்பத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போவது பிழையே இல்லை, ஒழுங்காகத் திரும்பினால் போதும். இது தெரியாமல் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை வெட்டித் தோற்றவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டம்தான்.

அடுத்த தேர்வுக்குள் ஒரு வகுப்பிலாவது உங்கள் பயிற்சியாளரை வாயே திறக்காமல் வரச் சொல்லுங்கள். தலையை எத்தனை முறை திருப்பினீர்கள் என்று மட்டும் அவர் எண்ணட்டும்.