கடலோர வீட்டில் சுவர் ஈரமாகவே இருக்கிறது, உடைக்காமல் கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?

கடலுக்குப் பக்கத்தில் வீடு, ஒரு சுவரில் மட்டும் ஈரத்திட்டு காய்வதே இல்லை, வெளியே எந்தக் குழாயும் ஒழுகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடைக்காமல் கண்டுபிடிக்கலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: அது கசிவுதானா?

இதைக் கேட்டுக்கொள்ளாமல் சுவரை உடைத்தவன் நான். குளியலறைக்கு மறுபக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு, விரல் வைத்தால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. பிளம்பர் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே லைன் போகுது சார், அதுதான்" என்றார். உடைத்தோம். குழாய் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சிமென்ட் தூசிகூட நனைந்திருக்கவில்லை.

காரணம் உப்பு. கடற்காற்று கொண்டுவந்து படிய வைக்கும் உப்பு ஒரு பக்கம், கட்டும்போது கழுவாமல் போட்ட மணலிலும் உவர்நீரிலும் வந்த உப்பு இன்னொரு பக்கம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். உப்பேறிய சுவரும் அப்படித்தான், ஒரு சொட்டுக் கசிவு இல்லாமலே நனையும். புழுக்கமான காலையில் கறுத்து, காற்று உலர்ந்த மதியத்தில் வெளிறினால் உப்பின் மேல் சந்தேகப்படுங்கள். அழுத்தத்தில் இருக்கும் குழாயின் கசிவு வானிலை பார்க்காது.

இரண்டு ஊசி வைத்த ஈரமானியைச் சுவரில் குத்தி, "பாருங்க, ஃபுல்லா காட்டுது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அது அளப்பது மின்தடையை. உப்பு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும் என்பதால், லேசாக ஈரமான சுவரும் அதில் தொப்பலாக நனைந்த சுவராகத் தெரியும்.

இதைவிட ஒரு பாலிதீன் தாள் மேல். திட்டை விசிறிக்காற்றில் மேலோட்டமாகக் காயவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான தாளை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது.

சரி, சுவருக்குள்ளிருந்துதான் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் சுத்தியலை எடுக்காமல் தண்ணீர்க் கணக்கு பாருங்கள். மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து திரும்பப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி வீடு என்றால் ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு, விடிந்ததும் ஒரு பார்வை. தொட்டியின் அடிப்பரப்பு 1 சதுர மீட்டர் என்றால் 1 செ.மீ. இறக்கம் 10 லிட்டர். மறுநாள் ராத்திரி தொட்டியின் வெளிவால்வை மூடிவிட்டு இதையே செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் ஓட்டை தொட்டியில். இறங்காவிட்டால் வீட்டுக்குள் போகும் குழாயில். குளியலறை, சமையலறை என்று தனித்தனி வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மூடி இடத்தை இன்னும் நெருங்கலாம். ஃப்ளஷ் தொட்டியை மறக்காதீர்கள். அதில் கொஞ்சம் வண்ணப்பொடியைக் கரைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிகிறது.

கணக்கில் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனாலும் சுவர் நனைகிறது என்றால் கழிவுநீர்ப் பக்கம் பாருங்கள். அந்தத் தண்ணீர் மீட்டரையும் தொட்டியையும் தாண்டி வந்துவிட்டதால் எந்தக் கணக்கிலும் வராது. குளியலறையை மூன்று நாள் பூட்டிவைத்துப் பாருங்கள், திட்டு சுருங்குகிறதா என்று. மழைக்குப் பின் மட்டும் வருகிறது, அதுவும் ஜன்னல் மூலையில் என்றால் குழாய்க்கு வேலையே இல்லை.

தரைக்கடியில் சம்ப் இருக்கிறதா? கடலோரத்தில் அது இரண்டு பக்கமும் கசியும். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போவது ஒன்று. நிலத்தடி நீர் மட்டம் உயரும்போது உவர்நீர் உள்ளே வருவது இன்னொன்று. மட்டம் குறையாததால் இரண்டாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். சம்பில் விழும் தண்ணீரையும் சம்பில் கிடக்கும் தண்ணீரையும், கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருப்பதால், கொஞ்சம் கலந்தாலே எண் துள்ளும். கரைக்கு மிக அருகில் என்றால் நிலத்தடி நீரே கடலோடு ஏறி இறங்கும். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். அந்த இடைவெளியில் சம்ப் மட்டமும் ஆடினால் சந்தேகமே வேண்டாம். (சுவரின் ஈரத்துக்கும் தமிழில் ஓதம், கடலேற்றத்துக்கும் ஓதம். கடலோரத்தில் வீடு கட்டிய யாரோதான் இந்தச் சொல்லைக் கொடுத்திருக்க வேண்டும்.)

அந்தச் சுவரை உடைத்து இரண்டு வருடம் கழித்து எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு கசிவு வந்தது. எந்தச் சுவரும் நனையவில்லை, மீட்டர் மட்டும் ராத்திரியில் மெதுவாக நகர்ந்தது. ஊர் அடங்கிய பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஒவ்வொரு குழாயிலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன். வாஷ்பேசின் குழாயில் மட்டும் மெல்லிய 'உஸ்' சத்தம். கழற்றினால், சுவருக்குள் இருந்த பித்தளை நிப்பிளின் (குழாயை மாட்டும் இணைப்புத் துண்டின்) மரைப்பகுதி கையோடு உடைந்து வந்தது. மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை, உடைந்த இடத்தில் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. குளோரைடு மிகுந்த, அதாவது உப்பேறிய தண்ணீர் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை மெதுவாக அரித்து எடுத்துவிடும், மிஞ்சுவது நொய்ந்த செம்பு. தண்ணீர் டைல்ஸுக்குப் பின்னாலேயே இறங்கித் தரைக்கடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீடு முழுக்க பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறோம், துருப்பிடிக்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். குழாயை மாட்டும் இடத்தில் ஒரு துண்டு உலோகம் இருக்கும், முதலில் போவது அதுதான்.

கூரையில் பழுப்புக் கறை நேர்கோடாக, சீரான இடைவெளியில் தெரிந்தால் அது வேறு விவகாரம். உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். அதற்கு பிளம்பர் வேண்டாம், கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

வெப்பக் கேமரா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது தண்ணீரைப் பார்க்காது, சூட்டு வித்தியாசத்தைத்தான் பார்க்கும். வெந்நீர் லைனுக்கு அருமை. குளிர்நீர்க் கசிவு அதில் தெரிவது ஈரம் ஆவியாகி அந்த இடம் குளிர்வதால்தான். கடலோரப் புழுக்கத்தில் ஈரம் சட்டென்று ஆவியாகாது, அதனால் படம் மங்கலாகவே வரும். காற்று உலர்ந்த மதியமாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

நான் உடைத்த சுவரை உப்புப் பூச்சைச் செங்கல்வரை சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். முன்னைவிடப் பரவாயில்லை. ஆனாலும் புழுக்கமான வாரங்களில் அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நிழல் விழும், பிறகு தானே வெளிறிவிடும்.