உரத்தொட்டிக்குள் சென்சார்: வாசகர் கேள்வி–பதில்

கே: மொட்டைமாடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் காய்கறித் தோலும் சருகும் போட்டு உரம் தயாரிக்கிறோம். ஏழாவது படிக்கும் மகன் மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகையில் தானே கோடிங் எழுதி, வெப்ப சென்சார் ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறான். உரம் 60 டிகிரி வரை சூடாகும் என்று படித்தவன், 37-ஐத் தாண்டவில்லையே என்று சோர்ந்துபோய்விட்டான். எங்கே தப்பு?
— வாசகி, திருச்சி

ப: தப்பே இல்லை, முதலில் அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள்தான் சூட்டை உண்டாக்குகின்றன. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் உள்ள குவியல் என்றால் நடுவில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி 55, 60 டிகிரியைத் தொடும். உங்கள் வாளியில் அது பக்கவாட்டிலேயே கசிந்துவிடும்.

ஆனால் எனக்கு அந்த 37 மேல்தான் ஆர்வம். அது உரத்தின் சூடா, திருச்சி வெயிலின் சூடா? இதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதே அளவு வாளி இன்னொன்றில் ஈரமண்ணை மட்டும் நிரப்பி, பக்கத்திலேயே நிழலில் வைத்து, அதிலும் ஒரு சென்சார் சொருகட்டும். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து வரும் டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார் நல்லது, தண்ணீர் புகாது. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் இரண்டின் டேட்டா வயரையும் பலகையின் ஒரே பின்னில் (இணைப்பு முனையில்) இணைத்துவிடலாம், டேட்டா வயருக்கும் 3 வோல்ட் வயருக்கும் நடுவில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். மைக்ரோபிட்டில் உள்ளேயே இருக்கிற வெப்பமானியை நம்ப வேண்டாம், அது சிப்பின் சூட்டைத்தான் காட்டும்.

வாளியில் வைப்பதற்கு முன் இரண்டு சென்சாரையும் ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கட்டும். அரை டிகிரி முன்னே பின்னே காட்டுவது சகஜம், அதைக் கழித்துக்கொள்ள ஒரு வரி கோடிங் எழுதிவிடலாம். அப்புறம் இரு வாளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கிராஃப் போடட்டும். புதுத் தோல் போட்டுக் கிளறிய பிறகு அந்தக் கோடு ஏறுகிறதா என்று பார்த்தால், 2 டிகிரி ஏறினாலும் அது உரத்துடைய சூடுதான் என்று அவனால் தைரியமாகச் சொல்ல முடியும்.

கே: எங்கள் பள்ளி உரத்தொட்டியில் ஆர்டுயினோ என்ற கணினிப் பலகையோடு ஈர சென்சார் வைத்தோம். சில நாளிலேயே அதன் இரண்டு கால்களும் பச்சைபிடித்து அரித்துவிட்டன. மட்டமான சரக்கா?
— அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்

ப: இரண்டு கால் சென்சார் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான், டீச்சர். ஈரத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்னாற்பகுப்பு நடந்து செம்பு கரைந்துவிடும். பாடப்புத்தகத்தில் இருப்பது உங்கள் தொட்டிக்குள்ளேயே நடந்திருக்கிறது, அந்த அரித்த காலைத் தூக்கிப் போடாமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சென்சாருக்கான மின்சாரத்தை ஒரு டிஜிட்டல் பின் வழியாகக் கொடுத்து, மணிக்கு ஒரு தடவை அதை ஆன் செய்து, அளந்து, உடனே ஆஃப் செய்கிற மாதிரி கோடிங்கை அவர்களே மாற்றட்டும். இல்லையென்றால் செம்பு வெளியே தெரியாத கெப்பாசிட்டிவ் சென்சார் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் அது காட்டும் எண்ணுக்கு அப்படியே அர்த்தம் கிடையாது. ஒரு பிடி உரத்தைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழியச் சொல்லுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வந்தால் ஈரம் சரியாக இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 50–60 சதவீதம். ஒழுகினால் அதிகம், பிடி உதிர்ந்தால் ஈரம் போதாது. மூன்று நிலையிலும் சென்சார் என்ன எண் காட்டுகிறது என்று குறித்துவைத்து, அந்த எண்களை வைத்துத்தான் 'தண்ணீர் தெளி', 'சருகு போடு' என்று எல்.இ.டி. எரிய வேண்டும். உரத்தில் காற்று இடைவெளி நிறைய உண்டு, அதனால் நாலைந்து இடத்தில் சொருகி சராசரி எடுங்கள். பிழிந்த பிறகு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

கே: இரண்டாவது படிக்கும் பேத்திக்கு இதெல்லாம் புரியுமா?
— வாசகர், நாகர்கோவில்

ப: கோடிங் இப்போது வேண்டாம் ஐயா. அண்ணனோ அக்காவோ சென்சாரைப் பார்ப்பதற்கு முன், 'இன்னைக்கு நேத்தைவிட சூடா இருக்குமா?' என்று பேத்தியைக் கேட்டு, பதிலை அவள் கையாலேயே காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். தனக்கென்று ஒரு கணிப்பு இருந்தால்தான் வருகிற எண்ணைப் பார்க்க ஆசை வரும், பெரிய பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

கே: நாற்றத்தைக் கண்டுபிடிக்க வாயு சென்சார் வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

ப: என்னைக் கேட்டால் வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் எம்.க்யூ.135 அமோனியாவுக்கும் அசையும், ஆல்கஹாலுக்கும் அசையும், புகைக்கும் அசையும். எது வந்தது என்று சொல்லத் தெரியாது. மூக்குக்குத் தெரியும். கண்ணெரிகிற அமோனியா நெடி வந்தால் காய்கறித் தோல் மாதிரியான பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகோ தேங்காய் நார்க்கழிவோ சேர்க்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை, கிளறிவிட வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு வெப்ப சென்சார் வாங்குங்கள். பெரிய குவியலில் ஒன்றை நடுவிலும் ஒன்றை ஓரத்திலும் வைத்துப் பார்த்தாலே, எதற்காகக் கிளறுகிறோம் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.