எந்தப் பிழையைப் பிடிப்பது, எதை விடுவது? கேள்வி பதில்

கேள்வி: எதிர்பார்த்த பிழை, எதிர்பாராத பிழை என்று எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: நிரல் முழுக்கச் சரியாக இருந்தாலும் அது நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பயனர் பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பார், கணக்கில் பணம் இருக்காது, நெட் போகும். இதற்கெல்லாம் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்கணும். மூன்று பொருள் உள்ள பட்டியலில் நிரல் ஐந்தாவதைக் கேட்கிறது என்றால் அது பக், அதாவது நிரல் எழுதியதிலேயே தப்பு, திருத்தத்தான் வேண்டும்.

கேள்வி: பைத்தான் மொழியில் எல்லாவற்றையும் ஒரே ட்ரைக்குள் (பிழை வரக்கூடிய வரிகளை வைக்கும் இடம்) போட்டு, வெறும் எக்செப்ட் (எந்தப் பிழை என்று சொல்லாமல் பிடிப்பது), கீழே பாஸ் (ஒன்றும் செய்யாதே). ஆப் நிற்காமல் ஓடுகிறதே, என்ன தப்பு?

பதில்: நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. வேரியபிள் பெயரில் ஒரு எழுத்து மாறினால் வரும் நேம்எரரை வெறும் எக்செப்ட் விழுங்கிவிடும், கன்ட்ரோல் சி அழுத்தினால் வரும் கீபோர்ட்இன்டரப்ட்டையும் விடாது. ஆர்டர் சேவ் ஆகியிருக்காது, வாடிக்கையாளர் திரையில் 'நன்றி' வந்திருக்கும், லாகில், அதாவது நிரலின் பதிவேட்டில், ஒரு வரிகூட இருக்காது, அப்புறம் எங்கே போய்த் தேடுவீர்கள்? ட்ரைக்குள் தேவையான ஒன்றிரண்டு வரியை மட்டும் வைத்து, கனெக்‌ஷன்எரர், டைம்அவுட்எரர் என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். மற்றது மேலே, அந்த வரிகளை அழைத்த நிரலுக்குப் போகட்டும். அங்கே ஒரே இடத்தில் முழு ட்ரேஸ்பேக்கையும் (பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற விவரம்) லாக் செய்துவிட்டு, வெப் ஆப் என்றால் 'சர்வரில் கோளாறு' என்று சொல்லும் 500 குறியீட்டை அனுப்புங்கள். பயனர் அனுப்பியதே தப்பு என்றால் 400 வரிசைக் குறியீடு.

கேள்வி: ரஸ்ட் மொழியில்?

பதில்: மொழியே பிரித்துத் தருகிறது: எதிர்பார்த்ததற்கு ரிசல்ட் (விடை அல்லது பிழை என்று திருப்பித் தருவது), பக்குக்கு பேனிக் (அங்கேயே நிறுத்துவது). கண்ட இடத்திலெல்லாம் அன்ராப் (ரிசல்ட்டில் பிழை இருந்தால் பேனிக் ஆக்குவது) போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

கேள்வி: எதிர்பாராதது வந்தால் நிறுத்திவிடுவதே எப்போதும் சரியா?

பதில்: நிறுத்தியபின் யார் தொடர்வது என்பதையும் யோசித்திருந்தால் சரி. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு கொள்ளவில்லை. எக்செப்ஷன் வந்தது, பிடிக்க ஆளில்லை, திசை காட்டும் கணினி நின்றது. எக்செப்ஷன் வந்தால் அது வன்பொருள் கோளாறாகத்தான் இருக்கும், மாற்றுக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அப்படி வடிவமைத்திருந்தார்கள். மாற்றிலும் அதே மென்பொருள், அதே பக், ஆகவே அதுவும் நின்றது. கிளம்பிய சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது. இதில் கொடுமை, அந்தக் கணக்கு ராக்கெட் தரையைவிட்டு எழும்பிய பிறகு எதற்கும் தேவையே இல்லை!

அதனால் நிறுத்துங்கள், ஆனால் சின்னதாக நிறுத்துங்கள். எர்லாங் மொழியில் தப்பான ஒரு ப்ராசஸ் (தனியாக ஓடும் சின்ன வேலை) மட்டும் சாகும், அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் புதிதாக ஒன்றைத் தொடங்கும், மற்றவை பாட்டுக்கு ஓடும். வெப் சர்வர் என்றால் அந்த ஒரு ரிக்வெஸ்ட்டை மட்டும் கைவிட்டு, டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்யுங்கள், அதாவது பாதியில் நின்ற மாற்றங்களைப் பழையபடி ஆக்குங்கள்.