தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் தினமும் ஓட்டும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு டர்போ பொருத்தினால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சின் புகையைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் குழாய்த்தொகுதி) எந்த உலோகத்தில் எடுக்கலாம்?

வார்ப்பிரும்பு. கனம்தான், ஆனால் டர்போவின் எடையைத் தாங்கும், சூட்டில் அதிகம் விரியாது.

304 ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகு, கடற்காற்றில் வார்ப்பிரும்பைவிட நன்றாகத் துருவையும் தாங்கும். ஆனால் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். மெல்லிய குழாயென்றால், நாலு குழாயும் கூடுமிடத்தில் வெல்டிங்கை ஒட்டி முடிபோல விரிசல் விழும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று வாயு கசியும். எஞ்சின் சூடானதும் விரிசல் இறுகிச் சத்தம் அடங்கிவிடும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து!

ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்றால் டைட்டானியம் சேர்ந்த 321, தடித்த குழாயாக. டர்போவுக்குத் தனித் தாங்கியும் கட்டாயம்.

இன்னொன்று: 1,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் ட்யூன் செய்திருந்தால், இங்கே மறுபடி பாருங்கள். கடல்மட்டத்தில் அதே பூஸ்டுக்கு (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) கூடுதல் காற்று உள்ளே போகும்.